கேம்பர்: வளைவா, சாய்வா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் திருப்பத்தில் முரண்டு பிடித்தால் பட்டறையில் முதலில் காதில் விழும் சொல் கேம்பர். காரை நேர் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம் அது. மேல்விளிம்பு வெளியே தள்ளியிருந்தால் பாசிட்டிவ், உள்ளே சரிந்திருந்தால் நெகட்டிவ்.

வளைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கேம்பர் ஆயிற்று. கப்பல் மேல்தளத்தின் நடுப்புடைப்பு, மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் விடும் மேடு, விமான இறக்கையின் வளைவு எல்லாமே கேம்பர்தான். அங்கெல்லாம் ஏதோ ஒன்று உண்மையாகவே வளைகிறது. காரிலோ எதுவும் வளைவதில்லை. சக்கரம் சாய்கிறது, அவ்வளவுதான். எனவே அகராதியைப் பார்த்து ‘வளைவு’ என்று எழுதுவது பிழை. போதாக்குறைக்கு, சாலைத் திருப்பத்துக்கும் நம்மிடம் அதே சொல்தான். ‘வளைவில் வளைவு மாறுகிறது’ என்றால் யாருக்கு விளங்கும்? வெறும் ‘சாய்வு’ என்றாலும் தொல்லை உண்டு, திருப்பத்தில் காரின் உடலும் சாய்கிறதே. ‘சக்கரச் சாய்வு’ என்பதே சரி. பாசிட்டிவுக்கு வெளிச்சாய்வு, நெகட்டிவுக்கு உட்சாய்வு. கூட்டலா கழித்தலா என்று யோசிக்க வைக்காத இந்த இணை எனக்கு ஆங்கிலத்தைவிடவும் பிடித்திருக்கிறது.

இச்சொல்லின் முழுக் கனத்தையும் காட்டும் கார், பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர். அதன் பின்பக்க அமைப்பு டிரையம்பின் ஹெரால்டு காரிலிருந்து வந்தது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த அதே ஹெரால்டுதான். ஸ்பிட்ஃபயரின் பின் அச்சுத் தண்டு ஒவ்வொன்றும் டிஃபரென்ஷியலை (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஒட்டிய உள்முனையில் மட்டுமே மடங்கும். சக்கரம் தண்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஆகவே தண்டு கீழே தொங்கினால் சக்கரத்தின் அடி உள்ளே மடிந்து வெளிச்சாய்வு வந்துவிடும்.

திருப்பத்தின் நடுவே ஓட்டுநர் பதறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். பாரம் முன்னே போகிறது, பின்பக்கம் எழும்புகிறது, வெளிச்சாய்வு கூடுகிறது. வெளிப்பக்க டயரின் பக்கவாட்டு விசை அந்தத் தண்டை நெம்புகோலாக்கி உடலை இன்னும் உயர்த்துகிறது. டயரின் பிடி போய், பின்பக்கம் சட்டென்று வீசிக்கொண்டு போகிறது.

இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி, கால் எடுக்கும்போது மட்டும் இப்படி ஆகிறது என்றால் அது அமைப்பின் பிறவிக் குணம். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் என்றால் தேய்ந்த ரேடியஸ் ஆர்ம் புஷ் (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர் வளையம்), முறிந்த ஸ்பிரிங் பட்டை, வளைந்த பாகம் எதையாவது தேட வேண்டும். புஷ் ஆடினால் பின்சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பிக்கொள்ளும். இதைச் சக்கரச் சாய்வின் தலையில் கட்டக் கூடாது.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டும் அளவுகோலும் போதும். 13 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 6 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தால் ஏறக்குறைய 1 டிகிரி. ஆனால் ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளப்பது வீண். தொங்கியபோது உள்ளே மடிந்த டயர், தரையைப் பற்றிக்கொண்டு அப்படியே நிற்கும். காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் உண்மையான சாய்வு தெரியும்.

1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 மாடலில், பின்பக்கத்தில் குறுக்காகக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டைகளின் அடுக்கு) ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவை அசைந்தாட இடம் விட்டார்கள். பின்பக்கம் எழும்புவது பெரிதும் அடங்கியது. பழைய ஸ்பிட்ஃபயருக்கு அந்த ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுபவர்கள், அதனுடன் வந்த தடித்த முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் (உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேர்த்தே மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் சக்கரச் சாய்வு அடங்கும், உடல் சாய்வு கூடிவிடும்.