டியூமர் மார்க்கர்: கட்டிக் குறியா, புற்றுக்குறிப்பானா?

டியூமர் மார்க்கர் என்ற ரத்தச் சோதனைக்கு மதுரையில் வழங்கும் பெயர் 'கேன்சர் மார்க்கர்'. கோரிப்பாளையத்திலோ கே.கே.நகரிலோ லேப் ஜன்னலில் சீட்டை நீட்டி, "மார்க்கர் டெஸ்ட் எழுதியிருக்காங்க" என்பார்கள். ரிசல்ட் வாங்க வரும்போது முதல் கேள்வி, "தம்பி, பாசிட்டிவா நெகட்டிவா?" பதில்: "இதுல அப்படி வராதுக்கா, நம்பர்தான் வரும்." பதில் சரியானதுதான். ஆனால் 'கேன்சர் மார்க்கர்' என்று கேட்ட காதுக்கு அது போதவில்லை. இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடும் சோதனைக்கு உரிய பெயர் போலத்தான் அது ஒலிக்கிறது. இதற்குத் தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது அதனால்தான்.

குழப்பம் அந்தக் கேள்வியோடு முடிவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் கோப்பில் 'மார்க்கர்' மூன்று இடங்களில் வரலாம். ரத்தத்தில் பார்ப்பது ஒன்று: சிஏ 15-3, சிஏ 27.29, சிஇஏ. பயாப்சியில் எடுத்த சதைத் துண்டில் பார்ப்பது இன்னொன்று: ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம். மூன்றாவது, கீமோவில் கட்டி கரைந்துபோனாலும் அது இருந்த இடம் சர்ஜனுக்குத் தெரிய வேண்டும் என்று மார்புக்குள் முன்கூட்டியே வைக்கும், அரிசி மணியைவிடச் சிறிய உலோக கிளிப். பாசிட்டிவா நெகட்டிவா என்ற கேள்வி பிறப்பது இரண்டாவது வகையில். ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று அங்கே அப்படித்தான் எழுதுவார்கள். அந்தப் பழக்கம் ரத்த மார்க்கருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே விளக்க எடுத்துக்கொண்டது ரத்த மார்க்கரை மட்டும்.

'டியூமர்' லத்தீன் சொல். வீங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அதில் வீக்கத்துக்கு அவர் போட்ட சொல்தான் டியூமர். சுளுக்கிய கணுக்கால் வீங்கினாலும் அவருக்கு அது டியூமர். 'கேன்சர்' வேறு வழியில் வந்தது. நண்டு என்பது அதன் பொருள்; கிரேக்கத்தில் கார்கினோஸ். மார்பில் வந்த கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போல விரிந்திருப்பதாகப் பழைய கிரேக்க மருத்துவர்கள் கண்டார்கள். ஆக இந்தப் பெயரே மார்பகத்தைப் பார்த்துத்தான் நிலைபெற்றது எனலாம்.

தமிழ் நண்டைப் பார்க்கவில்லை, கறையான் புற்றைப் பார்த்தது. தோலை உடைத்துக்கொண்டு மேடும் துளையுமாக வெளியே வந்த புண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைத்திருக்காது. மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் ஒரு புற்றை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்: மேலே நிற்பது கொஞ்சம், உள்ளே ஓடும் வளைகள்தான் அதிகம். நண்டைவிட நோயின் குணத்தை இந்தச் சொல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அப்படியானால் டியூமருக்குக் 'கட்டி' என்று போட்டுவிடலாமா? அகராதிப்படி சரி. பேச்சில் கட்டி என்றால் வெயில் காலத்துச் சூட்டுக்கட்டி, சீழ் வைத்த கட்டி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மார்பகத்தில் இந்தச் சோதனை பெரும்பாலும் அறுவைக்குப் பின்னால்தான் எழுதப்படுகிறது. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குக் கட்டி டெஸ்ட்டு?" என்று ஒருவர் கேட்டால் அதில் தவறே இல்லை, பெயர் அப்படிக் கேட்க வைக்கிறது. 'கழலை' என்ற பழைய சொல் தெரிந்தவர்களுக்கும் அது வலியில்லாமல் உருளும் கொழுப்புக் கட்டிதான். எனவே முன்பாதிக்குப் 'புற்று' என்பதே தங்கும்.

பின்பாதியில்தான் போட்டி அதிகம். 'மார்க்' என்பது பழைய ஆங்கிலத்தில் எல்லையையும் எல்லை அடையாளத்தையும் குறித்த சொல், நம்மூர் வயலில் நடும் எல்லைக்கல்லைப் போல. 'குறி' என்று போடலாம். ஆனால் நம் பக்கம் குறி என்றதும் கோடாங்கி நினைவுக்கு வருவார். நடக்கப் போவதைச் சொல்வது குறி. இந்தச் சோதனையிடம் மக்கள் தவறாக எதிர்பார்ப்பதும் அதைத்தான். 'அறிகுறி' ஏற்கெனவே நோயாளி உணர்வதற்கு உரிய சொல்லாகிவிட்டது. 'சுட்டி' இணையத் தொடுப்புக்கும் துறுதுறுப்பான பிள்ளைக்கும் போய்விட்டது. 'காட்டி' இன்னும் மோசம். புற்றைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று உறுதி சொல்கிறது.

மிஞ்சுவது 'குறிப்பான்'. அழிப்பான், ஒலிப்பான் போல 'ஆன்' ஈறு பெற்ற கருவிப் பெயர். 'அவன் குறிப்பான்' என்ற வினைமுற்றோடு மோதும் என்பது உண்மைதான். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இதன் அடியில் இருக்கும் 'குறிப்பு' என்ற சொல்லுக்காகவே இதை எடுக்கலாம். இலக்கணத்தில் வெளிப்படைக்கு எதிர் குறிப்பு. தனியே நின்று பொருள் தராது, இடம் பார்த்து உணர வேண்டியது. குறிப்பு வினைமுற்று காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. சூழலைக் கொண்டு நாம்தான் உணர்கிறோம். இந்த ரத்தச் சோதனையும் அச்சாக அப்படித்தான் வேலை செய்கிறது.

இனி 15-3 என்ற எண். ரிப்போர்ட்டில் இதைப் பல லேப்கள் புள்ளி வைத்து 15.3 என்று அச்சிடுகின்றன. பார்ப்பவர் தசம எண் என்று எடுத்துக்கொண்டு, 15.3-ஐத் தாண்டினால் ஆபத்து என்று நினைத்துவிடுகிறார். அது அளவே இல்லை. 1980-களில் இந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் இரண்டு எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) பயன்படுத்தினார்கள். ஒன்று 115டி8, தாய்ப்பாலில் உள்ள கொழுப்புத் துளிகளின் உறையை வைத்து நெதர்லாந்தில் உண்டாக்கியது. மற்றது டிஎஃப்3, கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுத் திசுவை வைத்து அமெரிக்காவில் உண்டாக்கியது. முன்னதிலிருந்து 15, பின்னதிலிருந்து 3. அவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். சிஏ 27.29-லும் அப்படியே, பி27.29 என்ற எதிர்ப்பொருளின் பெயர் அது.

முன்னால் நிற்கும் 'சிஏ'வும் வழுக்கும். இங்கே அது கேன்சர் ஆன்டிஜென். டாக்டர் சீட்டில் நோயின் பெயருக்கு முன் எழுதும் 'சிஏ' கார்சினோமாவின் சுருக்கம். ரத்தச் சோதனைப் பட்டியலில் தனியாக நிற்கும் 'சிஏ' கால்சியம். மூன்றும் ஒரே தாளில் வருவதுண்டு. ஆன்டிஜெனுக்கு 'எதிர்ப்பொருள் தூண்டி' என்ற சொல் இருக்கிறது. நீளமானாலும் வேலையைச் சரியாகச் சொல்கிறது. சிஇஏ, அதாவது கார்சினோ எம்பிரியோனிக் ஆன்டிஜென், வேறு பொருள். 1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் கோல்டு, ஃப்ரீட்மன் இருவரும் பெருங்குடல் புற்றிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் கண்ட புரதம். பெயரில் 'எம்பிரியோனிக்' என்று கரு வந்து உட்கார்ந்தது அதனால்தான். மார்பகத்துக்கென்று பிறந்ததல்ல; துணைக்குப் பார்ப்பது.

சிஏ 15-3, சிஏ 27.29 இரண்டும் தேடுவது ஒரே பொருளை: மக்1 என்ற சளிப்புரதம். இது புற்று உண்டாக்கிய அந்நியப் பொருள் அல்ல. பால் நாளத்தை உள்ளே வரிசையாக மூடியிருக்கும் செல்களில், பால் ஓடும் பக்கம் மட்டும் இது முளைத்து நிற்கும். செல் புற்றாக மாறும்போது உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற ஒழுங்கு குலைகிறது. புரதம் செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவி, உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. சோதனை அளப்பது அந்த உதிரியை. நல்ல உடம்பிலும் கொஞ்சம் உதிரும். ஆகவே யாருக்கும் பூச்சியம் வருவது கிடையாது.

வேறு காரணத்தாலும் ஏறும் என்பது இதிலிருந்தே விளங்கும். கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், மார்பில் வரும் சாதாரணக் கட்டிகள், மஞ்சள் காமாலை, கல்லீரல் சுருக்கம் இவற்றில் சிஏ 15-3 உயரலாம். பி12 குறைந்து வரும் ரத்தசோகையிலும் உயரும். அசைவமே தொடாத வீடுகளில் இதை மறக்கக் கூடாது. சிஇஏ புகைபிடிப்பவர்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கை நரம்பில் 3 முதல் 5 மில்லி ரத்தம். ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாய் அல்லது சிவப்பு மூடிக் குழாய். அரை மணி நேரம் நிற்க வைத்து உறைந்த பின் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் அங்கே சோதிக்கப்படுவதில்லை. மதுரைக்கு வரும், சில சமயம் சென்னைக்கோ மும்பைக்கோ போகும். சீரம் பிரித்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் போனால் பிரச்சினை இல்லை. பிரிக்காமல் சித்திரை வெயிலில் பெட்டிக்குள் கிடந்தால் ரத்தச் செல் உடைந்து சீரம் சிவந்துவிடும். மாதிரியைத் திருப்பி அனுப்பி மறுபடி குத்துவார்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இடறு பயோட்டின். கீமோவில் முடி கொட்டியவர்கள் முடி வளரவென்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். உடம்புக்கு ஒரு நாள் தேவையோ 30 மைக்ரோகிராம் அளவுதான். சில லேப் கிட்கள் பயோட்டினையே பசையாக வைத்து வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிரம்பியிருந்தால் அந்தப் பசை ஒட்டாது. இந்த வகைச் சோதனையில் நம்பர் பொய்யாகக் குறைந்து வரும். ஏறியிருப்பதைக் குறைவாகக் காட்டுவதால் இது ஆபத்தான பொய். ரத்தம் எடுக்குமுன் மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும். எத்தனை நாள் நிறுத்துவது என்பது மாத்திரையின் அளவையும் கிட்டையும் பொறுத்தது.

நம்பரைப் படிப்பதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: ஒரே லேப், ஒரே முறை. சிஏ 15-3-க்கு அலகு யூனிட், எடை அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி கிட் மாறும். ஒரு ரிப்போர்ட் மேல் எல்லையை 25 என்று போடும், இன்னொன்று 30-க்கும் மேலே போடும். போன தடவை பைபாஸ் ரோட்டில் 24, இந்தத் தடவை வேறொரு லேப்பில் 29 என்றால் ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரே லேப்பில் 40 போய் 44 வந்தாலும் அது 10 சதவீதம்தான். மெஷினும் உடம்பும் சேர்ந்தே அவ்வளவு ஆடும். 40 போய் 50 வந்தால் 25 சதவீதம். அப்போது டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த ஒரு நம்பரை வைத்து மருந்தை மாற்ற மாட்டார்கள். திரும்ப எடுத்து, ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு பொய் ஏற்றம் உண்டு. பரவிய நோய்க்குப் புது மருந்து தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில், மருந்து வேலை செய்து செல்கள் உடைவதாலேயே மார்க்கர் ஏறலாம். "மருந்து போட்ட பிறகு கூடிடுச்சு" என்று பயந்து நிறுத்திவிடக் கூடாத காலம் அது.

எங்கே பயன்படும் என்பதில் சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. பரவிய நோயில், சிகிச்சை கேட்கிறதா என்று ஸ்கேன், நேர்ப் பரிசோதனை இவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். எலும்பில் மட்டும் பரவி ஸ்கேனில் அளக்க வசதியில்லாதபோது இதன் மதிப்பு கூடும். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இது உதவாது. தொடக்க நிலைப் புற்றில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிகிச்சை முடிந்து தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக எடுக்கவும் பரிந்துரை இல்லை. அவர்களுக்கு ஆண்டுக்கொரு மேமோகிராமும் டாக்டரின் கைப் பரிசோதனையும்தான். 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் இதைச் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போது, பெயர் செய்த வேலை என்று தோன்றுகிறது. 'கேன்சர் மார்க்கர்' என்று போட்டால் விற்கும்.

எழுதும்போது 'புற்றுக்குறிப்பான்' என்று ஒரே சொல்லாக, வல்லினம் மிகுந்து எழுதலாம். கூடவே சிஏ 15-3 என்று குறுக்குக்கோடு போட்டு, புள்ளி வைக்காமல். ரத்தத்தில் பார்ப்பது என்று தெரிய வேண்டி 'ரத்தப் புற்றுக்குறிப்பான்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. படிப்பவர் அதை 'ரத்தப் புற்று, குறிப்பான்' என்று பிரித்து, ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டதோ என்று அலறுவார். 'புற்றுக்குறிப்பான் ரத்தச் சோதனை' என்று சொல் முறையை மாற்றி எழுதினால் அந்த வம்பு இல்லை.