பிக்கப் டிரக் எஞ்சினுக்குத் திறன் கூட்டுவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை, ராக்கி மலைத்தொடரை ஐசனோவர் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் சுரங்கப்பாதைக்கு மேற்கிலிருந்து ஏறும் சாலை சுமார் 13 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஏற்றம் சில இடங்களில் 7 சதவீதத்தைத் தொடுகிறது. ஒரு பிக்கப் டிரக்கும் அது இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்து 7 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் குறையாமல் செல்ல, எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 180 குதிரைத்திறன் செலவாகும். காற்றின் தடையையும் சக்கரங்களின் உருளல் தடையையும் சேர்த்தால் தேவை 250-ஐ எட்டிவிடும். 1997-ஆம் ஆண்டின் டாட்ஜ் ராம் 2500 டிரக்கில், மேனுவல் கியர் வகையில், கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் தந்தது 215 குதிரைத்திறன். இந்த இடைவெளியை நிரப்பவே பலர் திறன் கூட்டும் பாகங்களைத் தேடுகிறார்கள்.

இந்த எஞ்சினையே எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1994 முதல் 1998-இன் தொடக்கம் வரை வந்த ராம் டிரக்குகளில், ஆறு சிலிண்டர்களும் பன்னிரண்டு வால்வுகளும் கொண்ட இந்த எஞ்சினுக்கு பாஷ் நிறுவனத்தின் பி7100 என்ற பம்ப் டீசலை ஊட்டியது. எரிபொருளின் அளவை முடிவு செய்ய அதில் கணினி இல்லை. அந்த வேலையை நெம்புகோல்களும் ஸ்பிரிங்குகளும் ஓர் இரும்புத் தகடுமே செய்கின்றன. ஆகவே ஒரு பாகத்தை மாற்றினால் என்ன விளையும், ஏன் விளையும் என்பதை இதில் தெளிவாகப் பின்தொடர முடியும்.

டீசல் எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது உள்ளே செலுத்தப்படும் எரிபொருளின் அளவு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் காற்றுக்கு வழி திறக்கிறது. டீசலில் காற்று தடையின்றி வந்துகொண்டே இருக்க, டீசலின் அளவு மட்டும் கூடுகிறது. நல்ல டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 165 கிராம் டீசலை எரிக்கிறது. அப்படியானால் 215 குதிரைத்திறனுக்கு மணிக்கு 35 கிலோ, 300 குதிரைத்திறனுக்கு மணிக்கு 50 கிலோ தேவைப்படும். அந்தக் கூடுதல் 15 கிலோவை உள்ளே விடுவது மிக எளிது. பம்பில் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பகுதியில், எரிபொருள் தண்டு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை வரையறுக்கும் தகடு ஒன்று உள்ளது. அதைச் சற்று முன்னே தள்ளினாலோ வேறு வடிவமுள்ள தகட்டை மாட்டினாலோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் டீசல் கூடிவிடும். குறைந்த செலவில் நிறைய திறன் கிடைப்பதால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது இந்தத் தகட்டில்தான். முதலில் தொடக் கூடாத இடமும் அதுவே.

ஏனெனில் 50 கிலோ டீசல் புகையின்றி எரிய, அதைப் போல் இருபது மடங்கு எடையுள்ள காற்றாவது வேண்டும். அதாவது மணிக்கு ஒரு டன் காற்று. டீசலுக்குத் தேவையான காற்றின் விகிதம் வேதியியல் கணக்கின்படி 14.5 மடங்கு மட்டுமே. ஆனால் டீசல் சிலிண்டருக்குள் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டு மில்லி விநாடிகளுக்குள் காற்றைத் தேடி எரிய வேண்டியிருப்பதால், அந்த விகிதத்தை நெருங்கும்போதே கரி உண்டாகத் தொடங்கிவிடுகிறது. இனி எஞ்சின் தானாக இழுக்கும் காற்றைக் கணக்கிடுவோம். 5.9 லிட்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 சுற்றுகள் சுழன்றால், டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் கருவி) இல்லாமல் அது உள்ளிழுப்பது மணிக்கு அரை டன்னுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே 300 குதிரைத்திறன் வேண்டுமானால் உள்ளே செல்லும் காற்றின் அடர்த்தியை இரு மடங்குக்குச் சற்று மேலாக உயர்த்தியாக வேண்டும். அது டர்போவின் வேலை.

டர்போ காற்றை அமுக்கும்போது அழுத்தத்துடன் வெப்பமும் ஏறுகிறது. 27 டிகிரி செல்சியஸ் காற்றை மூன்று மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுசென்றால், 75 சதவீதத் திறமையுள்ள கம்ப்ரஸரிலிருந்து (டர்போவில் காற்றை அமுக்கும் பகுதி) அது ஏறக்குறைய 175 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிந்திருக்கும்; எனவே அழுத்தம் மூன்று மடங்கானாலும் அடர்த்தி இரண்டு மடங்குதான் உயர்ந்திருக்கும். அதே காற்றை இன்டர்கூலர் 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 2.7 மடங்காகிறது. அழுத்தமானி காட்டும் பிஎஸ்ஐ (அழுத்த அலகு) எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வது இதனால்தான் பொருளற்றது. சிறிய டர்போ ஒன்றை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் மானியில் எண் உயரும். ஆனால் கம்ப்ரஸரின் திறமை சரிந்து, கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் வெப்பமாகவே இருக்கும். மலைமேல் நிலைமை இன்னும் கடினம். 3,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியில் புகையின்றி ஓடிய அமைப்பு அங்கே கரும்புகை கக்குவதற்கு இதுவே காரணம்.

கரும்புகையைப் பெருமையாக நினைத்து வேண்டுமென்றே கிளப்புவோர் உண்டு. அது எரியாமல் வீணான எரிபொருள். மற்றவர்களின் நுரையீரலுக்குள் போகும் நஞ்சு. எஞ்சினுக்கும் அது எச்சரிக்கையே, ஏனெனில் காற்றுப் போதாத இடத்தில் வெளியேறும் வாயுவின் வெப்பநிலை ஏறுகிறது. பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சப்பட்டு பிஸ்டன்கள் குளிர்விக்கப்படுவதால் சில நொடிகளுக்கு அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் பத்து நிமிடங்கள் தொடர்ந்து முழுச் சுமை இழுக்கும்போது அந்தப் பாதுகாப்பு போதாது. டர்போவுக்கு முன்னால் அளந்த வெப்பநிலை தொடர்ந்து 680 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, இந்த எஞ்சினை நன்கறிந்தோர் பின்பற்றும் விதி.

அதனால், வாங்க வேண்டிய முதல் பாகம் திறன் கூட்டும் பாகமே அல்ல, அளவுகருவிகள். வெளியேறும் வாயுவின் வெப்பநிலையைக் காட்டும் பைரோமீட்டர், டர்போ அழுத்தமானி, தானியங்கி கியர்பாக்ஸாக இருந்தால் அதன் எண்ணெயின் வெப்பமானி ஆகிய மூன்றும் இல்லாமல் தகட்டைத் தொடக் கூடாது. பைரோமீட்டரின் முனையை டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் வாயுவைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். டர்போவைக் கடக்கும்போது வாயு தன் ஆற்றலை இழந்து, முழுச் சுமையில் நூறு டிகிரிக்கும் மேலாகக் குளிர்ந்துவிடுகிறது; ஆகவே பின்னால் பொருத்திய கருவி பொய்யான நிம்மதியைத் தரும். துளையிடும்போது விழும் இரும்புத் தூள் டர்போவுக்குள் சுழலும் டர்பைனின் இறக்கைகளைச் சிதைக்கும் என்பதால், டர்போவைக் கழற்றி வைத்துவிட்டுத் துளையிடுவதே நல்லது. துரப்பண முனையில் கிரீஸ் தடவித் தூளை ஒட்டவைத்து எடுப்பவர்களும் உண்டு.

அதற்கும் முன் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எஞ்சினின் முன்பக்கக் கியர் உறையில் சிறிய எஃகு முளை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கான அதிர்வில் அது கழன்று கியர்களுக்கு இடையே விழுந்தால் எஞ்சினே உடைந்துபோகலாம். அதனால்தான் உரிமையாளர்கள் அதைக் ‘கில்லர் டவல் பின்’ என்கிறார்கள். அதை அசையாமல் அடைத்து வைக்கும் சிறு தகடு விற்கிறது. வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்: உள்வரும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.51 மில்லிமீட்டர்.

இவற்றுக்குப் பிறகுதான் காற்றின் பாதை. சுத்தமான ஏர் ஃபில்டரும், டர்போவுக்குப் பின் நான்கு அங்குல விட்டமுள்ள எக்ஸாஸ்ட் குழாயும் வெப்பநிலையைக் குறைத்து இடம் உண்டாக்கும். ஆனால் எரிபொருள் கூடாதவரை அவற்றால் திறன் பெரிதாக ஏறாது. விலையுயர்ந்த ஃபில்டர் ஒன்றே பெரும் திறன் தரும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. அடுத்து தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சுமையுடன் ஏற்றத்தில் ஓட்டி மானிகளைப் படிக்க வேண்டும். டர்போ அழுத்தம் ஏறும்வரை எரிபொருளைத் தடுத்து வைக்கும் டயாஃப்ரம் அமைப்பு ஒன்றும் பம்பில் உண்டு. புறப்படும்போது எழும் புகையைக் கட்டுப்படுத்துவது அதுதான். எனவே அதைக் கழற்றிவிடாமல் சரியாகத் திருத்தி வைக்க வேண்டும்.

தொழிற்சாலைக் கவர்னர் சுமார் 2,500 சுற்றுகளிலேயே டீசலைக் குறைக்கத் தொடங்கும். வலுவான கவர்னர் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினால் எஞ்சின் 3,000 சுற்றுகளுக்கு மேலும் இழுக்கும். ஆனால் அந்த வேகத்தில் பழைய வால்வு ஸ்பிரிங்குகளால் வால்வுகளை நேரத்துக்கு மூட முடியாது; எக்ஸாஸ்ட் வாயுவின் எதிரழுத்தமும் வால்வைத் திறக்கப் பார்க்கும். ஆகவே இரண்டு வகை ஸ்பிரிங்குகளையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

முறுக்குவிசை ஏறியதும் அடுத்த பலவீனம் கிளட்சிலோ, தானியங்கி கியர்பாக்ஸில் கிளட்சின் வேலையைச் செய்யும் டார்க் கன்வெர்ட்டரிலோ வெளிப்படும். 1997-இல் மேனுவல் வகைக்கு 215 குதிரைத்திறன் தந்த நிறுவனம், தானியங்கி கியர்பாக்ஸுடன் வந்த அதே எஞ்சினுக்கு 180 மட்டுமே அனுமதித்தது. அந்தப் பெட்டிக்கு 300 குதிரைத்திறனை அனுப்பினால் கன்வெர்ட்டர் வழுக்கும். வழுக்கலால் எண்ணெய் கொதித்து உள்தட்டுகள் கருகும். எனவே தானியங்கி டிரக்கின் உரிமையாளர் எஞ்சினுக்கு ஒதுக்கும் பணத்தைவிடக் கூடுதலாகக் கியர்பாக்ஸுக்கு ஒதுக்கியே திட்டமிட வேண்டும். டீசல் பீய்ச்சும் நேரத்தை முன்னே தள்ளினால் வாயுவின் வெப்பம் குறையும், ஆனால் சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறி சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் சோதனைக்கு உள்ளாகும். அதை அளவோடு செய்வதே நல்லது.

புதிய டிரக்குகளில் தகட்டின் இடத்தில் மென்பொருள் இருக்கிறது. 2019-இன் ராம் டிரக்கில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினின் உயர்திறன் வகை 400 குதிரைத்திறனும் 1,356 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 1997-இன் எஞ்சின் தந்த முறுக்குவிசை ஏறத்தாழ 597 நியூட்டன் மீட்டர். இவ்வளவு இருக்கும்போது பெரும்பாலோருக்குக் கூடுதல் திறன் தேவையே இல்லை என்பது என் கருத்து. புகைவடிகட்டியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பையும் நீக்கித் திறன் கூட்டுவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 2020-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகளில் இப்படி நீக்கப்பட்டிருந்தது. அவற்றின் ஆயுட்காலத்தில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னுக்கும் மேல். கலிஃபோர்னியாவில் வாங்குவோர், அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் உள்ள பாகங்களை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எத்தனை பாகங்களை மாற்றினாலும் டிரக்கின் அனுமதிக்கப்பட்ட இழுவை எடை ஒரு கிலோகூட உயராது. பிரேக்கும் அச்சும் சட்டகமும் பழையவையே. கூடிய திறனைப் பழைய எடையை நிதானமாக ஏற்றவே பயன்படுத்த வேண்டும். ஏற்றம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல், பைரோமீட்டர் 150 டிகிரி அளவுக்கு இறங்கும்வரை ஓடவிட்டால், டர்போவின் தாங்கிகளில் தேங்கும் எண்ணெய் கருகிக் கரியாகாது.