நிலைமுகவரி: ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையின் பில்லிங் சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொடுத்தேன். அது ஒரு விஎம். அதாவது பின்னறையில் இருக்கும் பெரிய கணினிக்குள் கேவிஎம் என்ற மென்பொருள் வழியாக ஓடும் மெய்நிகர் கணினி. மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. திங்கள் காலை கடை திறந்ததும் கவுண்ட்டரில் இருந்த மூன்று கணினிகளும் சர்வர் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டன. போய்ப் பார்த்தால் சர்வர் இருக்கிறது, தரவும் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை வரை 192.168.1.50 ஆக இருந்த அதன் ஐபி முகவரி (வலையில் மற்ற கணினிகள் அதைத் தேடும் எண்) மட்டும் 192.168.1.112 ஆகிவிட்டிருந்தது. மூன்று கவுண்ட்டரும் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

“ஸ்டாட்டிக் ஐபி போட்டாச்சுன்னுதானே தம்பி சொன்னீங்க?” என்று கடைக்காரர் கேட்டார். ஸ்டாட்டிக் ஐபி என்றால் தானாக மாறாத முகவரி. சொன்னது உண்மைதான். ஆனால் நான் போட்டது விஎம்-க்குள் அல்ல, ரவுட்டரில். இன்ன மேக் எண் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) உள்ள அட்டை வந்தால் 50-ஐக் கொடு என்று அங்கே எழுதிவைத்திருந்தேன். புதிய கணினியில் விஎம்-ஐ ஏற்றியபோது அதன் அட்டைக்குப் புதிதாக ஒரு மேக் எண் பிறந்துவிட்டது. ரவுட்டருக்கு இவர் யாரோ புது ஆள், அதனால் புது எண் கொடுத்தது. ‘ஸ்டாட்டிக்’ என்று ஒரே வார்த்தையில் நான் சொன்னதைக் கடைக்காரர் ஒரு பொருளில் எடுத்துக்கொண்டார், நான் செய்தது வேறொன்று. இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி வைத்துக்கொள்வது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

ஸ்டாட்டிக் என்பதற்குக் கிரேக்க மூலம் ‘ஸ்டாட்டிகோஸ்’. நிற்கச் செய்வது, நிறுத்துவது என்று பொருள். கிரேக்கர்கள் ‘ஸ்டாட்டிகே’ என்று அழைத்தது எடைபோடும் கலையை. தராசின் இரண்டு தட்டும் ஆடி ஆடிக் கடைசியில் அசையாமல் நிற்கிற இடத்தில்தான் எடை தெரியும். நாமும் ‘எடை நிறுத்தல்’ என்றுதானே சொல்கிறோம்? வேறு குடும்பத்து மொழியாக இருந்தும் தமிழ் அதே பாதையில் யோசித்திருக்கிறது. கிரேக்கச் சொல்லின் வேரும் சமஸ்கிருத ‘ஸ்தா’வும் ஒரே குடும்பம். ஸ்தாவரம் என்றால் அசையாமல் நிற்பது. அது தமிழில் தாவரம் ஆனது. அப்படிப் பார்த்தால் ஸ்டாட்டிக் ஐபியும் கொல்லையில் நிற்கும் முருங்கையும் தூரத்து உறவு.

தமிழில் இதற்கு நேராக நிற்கும் சொல் ‘நிலை’. பாடநூல்கள் இதை எப்போதோ முடிவுசெய்துவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். ஓடாமல் தங்கியிருக்கும் மின்னூட்டத்துக்கு ‘நிலை’ பொருந்துமென்றால், ஓடாமல் தங்கியிருக்கும் முகவரிக்கும் பொருந்தும்.

‘நிலை’ எனக்குப் பிடித்துப்போனதற்குப் பாடநூல் மட்டும் காரணம் இல்லை. கோயில் தேர் நான்கு வீதியும் சுற்றிவந்து தன் இடத்தில் நிற்பதை ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். அந்த இடத்துக்குத் தேர்நிலை என்றே பெயர். தேர் அசையாது என்று அதற்குப் பொருள் இல்லை. அசையும், ஊரே கூடி இழுக்கும். ஆனால் திரும்பி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். விஎம்-க்குக் கொடுக்கும் ஸ்டாட்டிக் முகவரியின் பொருள் இதில் அப்படியே இருக்கிறது. விஎம்-ஐ நிறுத்தலாம், மறுபடி ஓட்டலாம், ஒரு வாரம் தூங்கவைத்து எழுப்பலாம். எழுந்ததும் அது பழைய எண்ணில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

அதனால்தான் சிலர் எழுதும் ‘நிரந்தர முகவரி’ எனக்கு ஒப்பவில்லை. முதல் சிக்கல், அந்தத் தொடருக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டம் இருக்கும். அங்கே அது சொந்த ஊர் வீட்டைக் குறிக்கும். ஆள் அங்கே இருக்கவேண்டும் என்பதில்லை. ஸ்டாட்டிக் ஐபியில் ஆள் அங்கே இருந்தே ஆகவேண்டும். இன்னொரு சிக்கல், ஸ்டாட்டிக் என்பது என்றைக்கும் மாறாதது அல்ல. நிர்வாகி நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். தானாக மாறாது என்பது மட்டும்தான் உறுதி. ‘நிரந்தரம்’ கொடுக்கும் வாக்கு அதைவிட மிகப் பெரியது.

‘முகவரி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் முகப்பில் எழுதும் வரி என்று சொல்லே சொல்லிவிடும். இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முன்பகுதியிலும் அனுப்புநர், பெறுநர் எண்கள் இருப்பதால் இந்த இடத்துக்கும் அது கச்சிதம்.

‘மெய்நிகர்’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். விர்ச்சுவல் என்பதை மாயை, போலி என்று எழுதியவர்களும் உண்டு. லத்தீன் மூலத்தில் அந்தப் பொருள் கிடையாது. ‘விர்ட்டுஸ்’ என்றால் ஆற்றல், சிறப்பு. வடிவத்தில் இல்லாவிட்டாலும் பயனில் இருப்பதுதான் விர்ச்சுவல். மெய்க்கு நிகரானது என்ற மெய்நிகர் அதைச் சரியாகப் பிடிக்கிறது. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் விர்ச்சுவல் என்றுதான் இருந்தது; தமிழில் அதை ‘இணைய’ என்று வைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அது சரி. ஆனால் இணையமே எட்டாத அறைக்குள்ளும் விஎம் ஓடும் என்பதால் இங்கே மெய்நிகர்தான் வேண்டும். ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே ஒரு பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டிக்காட்டியது. 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அதை வெளியிடவும் செய்தது. நாம் இன்று பயன்படுத்தும் ஐபி முகவரியின் வரையறை 1981-ல்தான் வந்தது.

சரி, ‘ஸ்டாட்டிக்’ எங்கே குழம்புகிறது? முகவரி கொடுக்கும் முறைகளின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1985-ல் பூட்பி என்ற நெறிமுறை வந்தது. ஒரு கணினி எழுந்ததும் “நான் யார்?” என்று கூவும், சர்வர் தன்னிடமுள்ள பட்டியலில் அதன் அட்டை எண்ணை, அதாவது மேக் எண்ணைத் தேடி, உரிய முகவரியைச் சொல்லும். பட்டியலை ஒரு மனிதர் கையால் எழுதிவைத்திருக்க வேண்டும். 1993-ல் அதன் வழித்தோன்றலாக டிஎச்சிபி வந்தபோதுதான், பட்டியலில் இல்லாதவருக்கும் கையிருப்பில் உள்ள ஒரு எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் வழக்கம் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்கு லீஸ் என்று பெயர். தமிழில் யோசிக்கவே வேண்டாம், குத்தகை. நிலத்துக்காரர் ஒருவர், உழுகிறவர் ஒருவர், இடையில் ஒரு காலக்கெடு. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததுமே கணினி புதுப்பிக்கக் கேட்கத் தொடங்கும். வீட்டில் பல மாதம் ஒரே எண் நீடிப்பது இதனால்தான். அதைப் பார்த்து ஸ்டாட்டிக் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

1997-ல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற இணைய நெறிமுறை ஆவணம் டிஎச்சிபி-யில் மூன்று வகைக் கொடுப்பைப் பிரிக்கிறது: கணினிக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடும் தானியங்கிக் கொடுப்பு, கெடு வைத்துக் கொடுக்கும் மாறும் கொடுப்பு, நிர்வாகி தேர்ந்த எண்ணைச் சர்வர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைமுறைக் கொடுப்பு. ரவுட்டருக்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது; நான் அங்கே செய்தது மூன்றாவது. ஆவணம் அதைக் கைமுறை என்கிறது, ஸ்டாட்டிக் என்று சொல்லவில்லை. பேச்சுவழக்கில் நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

உண்மையான ஸ்டாட்டிக் என்பது விஎம்-க்குள்ளேயே எழுதுவது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வராக இருந்தால், அதன் வலை அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் முகவரி, வெளியே போகும் வாசலான கேட்வே, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் மூன்றையும் எழுதிவிட்டால் அது யாரையும் கேட்காது. எழுந்ததும் ‘நான் 50’ என்று உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரவுட்டருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே ரவுட்டரின் குத்தகை வரம்பு 100 முதல் 200 வரை என்றால், கையால் எழுதும் எண் அதற்கு வெளியே இருக்க வேண்டும். கேவிஎம்-மின் இயல்பான உள்வலையில் இது பலரையும் கவிழ்க்கும். அங்கே விஎம்-களைத் தாங்கும் தாய்க்கணினி 192.168.122.1. மிச்சமுள்ள 2 முதல் 254 வரை மொத்தத்தையும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். வரம்பைச் சுருக்காமல் நடுவில் ஓர் எண்ணை விஎம்-க்குள் எழுதினால், அந்த விஎம் நின்றிருக்கும் நேரத்தில் அதே எண் இன்னொன்றுக்குப் போய்விடலாம். அப்புறம் ஒரே முகவரியில் இரண்டு பேர்; கடிதம் ஒருநாள் இங்கே வரும், ஒருநாள் அங்கே போகும்.

நகலெடுக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். நிஜக் கணினியை நகலெடுப்பது குறைவு. விஎம்-ஐ நாளும் நகலெடுக்கிறோம். முகவரி உள்ளே எழுதியிருந்தால் நகலோடு முகவரியும் போகும், இரண்டும் ஒரே வலையில் எழுந்தால் மோதல். முகவரி வெளியே, அட்டை எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தால் நகலுக்குப் புது அட்டை எண் கிடைக்கும்; மோதல் இல்லை, ஆனால் பழைய முகவரியும் வராது. என் கடைக்காரருக்கு நடந்தது இதுதான். விஎம்-இன் நெட்வொர்க் அட்டையும் மெய்நிகர் என்பதை நான் மறந்துவிட்டேன். கேவிஎம் உருவாக்கும் மேக் எண் வழக்கமாக 52:54:00 என்றும், அதுபோன்ற இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்குவது 08:00:27 என்றும் தொடங்கும். மிச்ச இலக்கங்களை அந்த மென்பொருளே போட்டுக்கொள்ளும். இடம் மாற்றும்போது பழைய மேக் எண்ணைக் குறித்துவைத்து விஎம்-இன் அமைப்பில் திரும்ப எழுதியிருந்தால் திங்கள் காலை யாரும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

உபுண்டு நகல்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மேக் எண் வேறாக இருந்தும் இரண்டு நகலுக்கும் ஒரே முகவரி கிடைக்கும். உபுண்டு டிஎச்சிபி சர்வரிடம் தன்னை அறிமுகம் செய்வது அட்டை எண்ணால் அல்ல, மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து பெறும் அடையாளத்தால். நகலெடுத்ததும் அந்தக் கோப்பைப் புதுப்பிக்காவிட்டால் இரட்டையர் இருவரும் ஒரே ரேஷன் கார்டோடு வரிசையில் நிற்பார்கள்.

பெரிய நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் மேகக் கணினிகளுக்குப் போனால் பெயர்கள் இன்னும் சிதறும். அமேசானில் ஒரு விஎம்-ஐ நிறுத்தித் தொடக்கினால் அதன் வெளிமுகவரி மாறும். மாறாத முகவரி வேண்டுமென்றால் வாங்க வேண்டியதன் பெயர் எலாஸ்டிக் ஐபி. இழுபடுவது என்று பொருள்தரும் சொல்லை நிற்கிற ஒன்றுக்கு வைத்தார்கள். ஒரு விஎம்-இலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. கூகுளில் ஸ்டாட்டிக் என்பதற்கு எதிர்ச்சொல் எஃபெமரல். ஒரே நாள் வாழ்வது என்ற கிரேக்கச் சொல். இரண்டிலுமே முகவரியை நாம் விஎம்-க்குள் எழுதுவதில்லை. நிறுவனத்தின் ஏட்டில் நம் பெயருக்கு எழுதிவைக்கிறார்கள்.

ஆக, முகவரி மாறுமா மாறாதா என்று கேட்டால் மட்டும் போதாது, அது எங்கே எழுதியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தமிழில் இதைப் பிரித்துச் சொல்வது எளிது. கணினிக்குள்ளேயே எழுதியதை நிலைமுகவரி என்போம். அட்டை எண்ணுக்கு எதிரே சர்வர் பிடித்துவைத்திருப்பதை ஒதுக்கீட்டு முகவரி என்போம். ரயிலில் இருக்கை ஒதுக்கீடு பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. குத்தகையில் வருவது மாறுமுகவரி. மாறுவேடம் போல ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம். ‘நிலையான முகவரி’ தவறில்லை. ஆனால் ‘நிலையான முகவரி இல்லாதவர்’ என்று மனிதர்களுக்கும் சொல்வதால், கலைச்சொல்லாக வைக்கும்போது நிலைமுகவரி என்று சேர்த்து எழுதுவது நல்லது.

விஎம்-களுக்கு என் விருப்பம் ஒதுக்கீடுதான். கேவிஎம்-மில் வலையைத் திருத்தும் விர்ஷ் நெட்-அப்டேட் கட்டளையோடு லைவ் (இப்போதே), கான்ஃபிக் (அடுத்த முறைக்கும்) இரண்டையும் கொடுத்தால், ஓடும் வலையை நிறுத்தாமலே ஒதுக்கீட்டு வரி சேர்ந்துவிடும். எல்லா எண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால், எது யாருடையது என்று ஆறு மாதம் கழித்தும் தெரியும். டிஎச்சிபி சர்வராகவே ஓடும் விஎம், டிஎன்எஸ் சர்வர் போன்றவற்றுக்கு மட்டும் உள்ளே எழுதிய நிலைமுகவரி வேண்டும். ஒதுக்கீடு கொடுப்பவரே படுத்துவிட்டாலும் அவை எழுந்து நின்றாக வேண்டும்.

அந்தக் கடையின் ரவுட்டர் மேல் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பில்லிங் சர்வர் – 192.168.1.50 – ஒதுக்கீட்டு முகவரி. விஎம்-ஐ வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பழைய மேக் எண்ணையே அதற்குத் திரும்ப எழுதவும்.”