மேலே போகும் கேஸ்

மாட்டுத்தாவணிப் பக்கம் ஆட்டோக்களுக்கு சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிட் பொருத்திப் பழுது பார்ப்பது என் தொழில். போன வாரம் வந்த ஒரு ஷேர் ஆட்டோவில் கேஸ் நிரப்பும் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினேன். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது; கேஸ் கசிகிறது. வால்வின் மூடி எப்போதோ தொலைந்து, புழுதி ஏறி, உள்ளே கேஸை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருந்தது.

"கொஞ்சந்தானண்ணே. எல்பிஜி மாதிரி கீழ தேங்காது, மேல போயிரும்" என்றார் ஓட்டுநர்.

சரிதான், சிஎன்ஜி காற்றைவிட லேசானது. ஆனால் மேலே போவதில்தான் எனக்குக் கவலை.

சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரியாமல் கசிந்தால் அதே ஒரு கிலோ, 20 ஆண்டுக் கணக்கில், 80 கிலோவுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். 100 ஆண்டுக் கணக்கில் இது 30 கிலோவை ஒட்டி வரும், ஏனென்றால் மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். நம் பிள்ளைகள் தலையெடுக்கும் காலத்துக்கு முதல் கணக்கைத்தான் நான் பார்க்கிறேன்.

எரிக்கும்போது இயற்கை எரிவாயு விடும் கார்பன் டை ஆக்சைடு பெட்ரோலைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நிலக்கரியில் பாதி. இதை மனதார நம்பித்தான் கிட் பொருத்துகிறேன். ஆனால் 4 கிலோ சிலிண்டரில் வெறும் 40 கிராம் கசிந்தாலே பெட்ரோலை விட்டு வந்ததில் பூமிக்குக் கிடைத்த லாபம் காணாமல் போகும். கிணற்றிலும் குழாயிலும் கசிவது தனி. அமெரிக்காவில் உற்பத்தியாகும் எரிவாயுவில் 2.3 சதவீதம் கசிகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இதைவிட மோசம் எங்கள் பட்டறைப் பழக்கம். சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கழற்றுவோம். அவசரத்தில் வால்வைத் திறந்து, மிச்சக் கேஸை அப்படியே வெளியே விட்டுவிடுவார்கள். பல வருடம் நானும் செய்திருக்கிறேன். முழு சிலிண்டரைத் திறந்துவிட்டால் 120 கிலோ கேஸை எரித்ததற்குச் சமம். தினம் ஒரு சிலிண்டர் ஓட்டுபவருக்கு அது ஒரு மாத ஓட்டம்!

இப்போது சோதனைக்கு வருகிறவர்களிடம் முன்னமே சொல்லிவிடுகிறேன்: "ரெண்டு நாளைக்கு கேஸ் போடாதீங்கண்ணே. இருக்கிறதை ஓட்டித் தீர்த்துட்டு, பெட்ரோல்ல வாங்க." அந்த ஷேர் ஆட்டோவுக்குப் புது ஓ-ரிங் போட்டு, மூடியை நூலால் கட்டி அனுப்பினேன்.