பழைய காருக்கு ஃபொக் லைட்: சட்டம் எதைப் பார்க்கிறது, வயர் எதைத் தாங்கும்

மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பீஜோ 203 என்று பழைய கார்களை வைத்து ஓடுகிறவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முன் பம்பரில் இரண்டு ஃபொக் லைட் (பனிமூட்ட விளக்கு) பூட்டினால் பொலிஸ் மறிக்குமா என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. 2025 தொடக்கத்தில் அரசாங்கத்தின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பஸ், ஓட்டோக்களில் இருந்த மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் சொன்னதிலிருந்து இந்தப் பயம் கூடிப்போயிற்று.

வாகன விளக்குகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் கீழ் வந்த விதிகளுக்கும் உட்பட்டவை. காரை மறிக்கிற பொலிஸார் பெரும்பாலும் கவனிப்பது நிறத்தையும் கண் கூசுவதையும்தான். முன்னுக்கு வெள்ளை அல்லது மஞ்சள், பின்னுக்குச் சிவப்பு. முன்பக்கம் சிவப்பு காட்டக் கூடாது. நீலம், பச்சை, மினுங்குகிற எல்ஈடி பட்டி எல்லாம் வீண் வம்பு. மஞ்சள் கண்ணாடி பழைய காருக்கு வடிவாகவும் இருக்கும். பீஜோக்காரருக்கு அது இன்னும் பொருத்தம், பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சள்தான்.

எதிரே வாகனம் வந்தால் ஹெட்லைட்டை டிம் பண்ண வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஃபொக் லைட்டுக்கு டிம் கிடையாது. அதனால் அதைக் குனித்துப் பூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி இருக்கும் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 4 அங்குலம் கீழே விழும்படி திருப்பி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் இரவில் கல்லடிப் பாலத்தில் ஏறினால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் தெரியாது. வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘E’ முத்திரையும் பக்கத்தில் ஆங்கில ‘B’ எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரப்படி அது உண்மையான முன் ஃபொக் லைட்டின் அடையாளம். ‘ஃபொக்’ என்று பெட்டியில் போட்டு விற்பதில் பல வெறும் ஸ்பொட் லைட் (ஒடுங்கிய வெளிச்சத்தைத் தூரத்துக்கு வீசுவது).

இங்கே இது தேவையா என்றும் யோசிக்க வேண்டும். பட்டினத்துக்குள் பனிமூட்டம் அபூர்வம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் ஏறி பிபிலை, லுணுகலை தாண்டுகிறவர்களுக்கும், மார்கழி, தை விடியலில் வயல்வெளி வீதியால் போகிறவர்களுக்கும் நிச்சயம் உதவும். ஆனால் நம் வீதிகளில் இரவில் பெரிய ஆபத்து படுத்திருக்கும் மாடும் லைட் இல்லாத லாண்ட் மாஸ்டரும் (இரு சக்கர உழவு இயந்திரம்)தான். ஃபொக் லைட்டின் வெளிச்சம் அகலமாக, கிட்டத்தில் விழுவது. தூரத்தில் நிற்கிற மாட்டை அது காட்டாது. அதற்கு நல்ல ஹெட்லைட்தான் வேண்டும்.

சரி, வயரிங். பழைய காரில் தவறு நடப்பது இங்கேதான். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 அம்பியருக்கு மேல். மொறிஸ் மைனரின் பிந்திய மொடல்களில் வரும் லூக்காஸ் சீ40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 அம்பியர்தான், ஐட்லில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. மழையில் ஹெட்லைட், வைப்பர், ஃபொக் லைட் எல்லாம் சேர்ந்தால் மிச்சத்தைப் பற்றரிதான் கொடுக்கும். 35 வாட் பல்பு போடலாம், அல்லது டைனமோவைக் கழற்றி ஒல்டனேற்றர் பூட்டலாம். இன்னொன்று, அந்தக் காரின் ஹெட்லைட் வயருக்குப் பியூஸே கிடையாது. அதிலிருந்து கிளை இழுத்தால், ஷோட் ஆகிற அன்றைக்கு வயர்தான் பியூஸ்.

ஆகவே ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்சு) கட்டாயம். பற்றரியிலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து விளக்குகளுக்கு, 85 காரின் பொடிக்கு (உலோக உடலுக்கு). 86க்குப் போகும் ஸ்விட்சுக்கான கரண்டைப் பார்க் லைட்டின் சிவப்பு வயரிலிருந்து எடுங்கள். பார்க் லைட்டை அணைத்தால் ஃபொக் லைட்டும் அணையும், மறதிக்கு இடமில்லை. விளக்குகளுக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பு. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். சாதாரணப் பல்புக்கு அது பொருட்டில்லை, எல்ஈடியை மாற்றிக் கொடுத்தால் எரியாது. உப்புக் காற்று படும் இடத்தில் ஏர்த் முனை சீக்கிரம் பூத்துப்போகும். பெயின்ற்றைச் சுரண்டி இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

யூடியூப்பில் பிரித்தானியக்காரர் பின் ஃபொக் லைட் பற்றியும் சொல்வார்கள். அங்கேயே அது 1980 ஏப்ரல் 1 முதல் பாவனைக்கு வந்த வாகனங்களுக்குத்தான் கட்டாயம். அந்த விதியை நம் மொறிஸுக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

பத்திரங்கள். இந்த விளக்குகள் பதிவுப் புத்தகத்தில் ஏறும் விபரம் இல்லை. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றியிருந்தால் அது வேறு கதை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். ஜப்பான் எஞ்சின் ஏற்றிய மொறிஸ்காரர் ஃபொக் லைட்டைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. பிரதேச செயலகத்தில் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கக் கேட்பது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும். புகைப் பரிசோதனை அளப்பது புகையை, விளக்கை அல்ல. முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் விளக்குப் பூட்டியதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, எலக்ட்ரீஷியனின் பில்லையும் வைத்திருங்கள். வயர் எரிந்து காருக்குச் சேதம் வந்தால் முதலில் கேட்பது பிறகு பூட்டிய சாமான்களைப் பற்றித்தான்.

பொலிஸார் மறித்து அந்த இடத்திலேயே தண்டச் சீட்டு எழுதினால் 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டலாம். அதற்குப் பிறகு 28ஆம் நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதையும் தாண்டினால் நீதிமன்றம்.