அடும்பு: மணற்கரைக் கொடியின் பெயரும் பொருளும்

மண்டபம் முதல் தனுஷ்கோடி வரையிலும், தென்மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மூக்கையூர் வரையிலும் கரைமணலின் மேல் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களோடு படர்ந்து கிடக்கும் கொடியை இராமநாதபுரக் கடற்கரை மக்கள் அடப்பங்கொடி என்பர். தாவரவியலில் அதன் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. இந்தப் பெயரின் பொருள் என்ன, அதற்கு நேரான தமிழ்ச்சொல் எது, அச்சொல்லால் குறிக்கப்படும் கொடியில் அடங்கியுள்ள வேதிப்பொருள்கள் யாவை என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

'ஐப்போமியா' என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 'இப்ஸ்' என்றால் புழு. 'ஹோமோயோஸ்' என்றால் ஒத்தது. புழுவைப் போல் வளைந்தும் சுற்றியும் ஊர்வதால் 'புழுவை ஒத்தது' என்று பெயராயிற்று. 1753-இல் இப்பேரினத்தை (நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை) நிறுவிய ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ், நம் கரைக்கொடியை அதில் சேர்க்காமல் கான்வால்வுலஸ் என்னும் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். 1818-இல் இராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியலார் அதை ஐப்போமியாவுக்கு மாற்றினார். பெயரின் பிற்பகுதியான 'பெஸ்-காப்ரே' இலத்தீன். வெள்ளாட்டின் காலடி என்று பொருள். இலையின் நுனி நடுவே பிளந்து இரட்டைக் குளம்பு போலத் தோன்றுவதே காரணம்.

அதே இலையைத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளம்போடு ஒப்பிட்டுவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. 'மான்அடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்பது குறுந்தொகை 243-ஆம் பாட்டு. கவட்டிலை என்றால் கவடுபட்ட, அதாவது பிளவுபட்ட இலை. லின்னேயஸ் ஆட்டைக் கண்ட இடத்தில் நம் புலவர் மானைக் கண்டார். அடுத்த அடியில் பூவைக் குதிரையின் கழுத்துமாலையில் தொங்கும் மணிக்கு ஒப்பிடுகிறார். புனல் போல் விரிந்த அந்தப் பூவைக் காலையில் மணலில் குனிந்து பார்த்தவர்களுக்கு உவமையின் பொருத்தம் விளங்கும். ஆகவே பெஸ்-காப்ரே என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஆட்டுக்கால் கொடி' என்று புதிதாக ஆக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அடும்பு என்னும் சொல் செடியையும் அதன் இலையையும் பூவையும் அறிந்து வழங்கிய சொல்லாகவே நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகையின் 248-ஆம் பாட்டு, அடும்பு படர்ந்த மணல்மேடு காற்றில் நகர்ந்து வந்து மூடுவதால் நெடும்பனையும் குட்டையாகிவிடும் துறையைப் பாடுகிறது. கழுத்தளவு மணலில் புதைந்த பனையைக் கண்டவர்கள் அதை வெறும் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் மக்கள் பேசும் 'அடப்பங்கொடி' அடும்பின் சிதைவு தானே என்று சிலர் கருதலாம். அது சரியன்று. உகரம் அகரமாகி அடும்பு, அடம்பு என நின்றது. ஈழத் தமிழர் அடம்பன் என்பர், 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்னும் பழமொழியும் அவர்களிடையே வழங்குகிறது. அடம்பு என்பது கொடி என்னும் சொல்லோடு சேரும்போது நிகழ்வது தமிழ் இலக்கணம் நன்கறிந்த மாற்றமே. கரும்பு, சாறு என்னும் இரண்டும் சேர்ந்தால் கருப்பஞ்சாறு; வேம்பு, பூ என்னும் இரண்டும் சேர்ந்தால் வேப்பம்பூ. மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்து, நடுவே 'அம்' சாரியை வருகிறது. அதே நெறியில்தான் அடம்பும் கொடியும் சேர்ந்து அடப்பங்கொடி ஆயிற்று. வலை உலர்த்தும் இடத்தில் நின்று பேசும் மீனவரின் வாயில் புணர்ச்சி விதி பிழையாமல் ஒலிக்கிறது என்பதைப் படித்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி வேதிப்பொருள்களுக்கு வருவோம். அடும்பின் தண்டைக் கிள்ளினால் பால் வடியும். ஐப்போமியாப் பேரினத்துக்கே அடையாளமாக விளங்கும் பிசின் கிளைக்கோசைடுகள் இந்தப் பாலில் உள்ளன. கிளைக்கோசைடு என்பது சர்க்கரையோடு வேறொரு பகுதி பிணைந்த மூலக்கூறு. இங்கே சர்க்கரைச் சங்கிலியோடு நீண்ட கொழுப்பமிலம் ஒன்று பிணைந்திருக்கிறது. ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடுவதால் இவை ஓரளவு சவர்க்காரம் போல நடந்துகொள்கின்றன. குடலைத் தூண்டிப் பேதியாக்குவதும் இவையே. மெக்சிகோ நாட்டு ஜாலப் கிழங்கு (இதுவும் ஓர் ஐப்போமியாவே) ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் பேதிமருந்தாக இருந்ததற்கும், நம் நாட்டில் காக்கட்டான் விதை அவ்வாறே பயன்பட்டதற்கும் காரணம் இதுதான்.

அடும்பிலையில் எளிதில் ஆவியாகும் பொருள்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து, ஸ்வீடன் ஆய்வாளர்கள் இலையிலிருந்து பீட்டா-டமாசினோன், ஃபைட்டால் என்னும் இரண்டைப் பிரித்து, அவை தசைப்பிடிப்பைத் தளர்த்துவதை ஆய்வகத்தில் காட்டினர். வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின்கள் உருவாவதை இலைச்சாறு தடுப்பதும் அறியப்பட்டது. மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் அடப்பங்கொடியை வெந்நீரிலிட்டு ஒற்றடம் கொடுக்கும் வழக்கத்துக்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது. தாய்லாந்துக் கடற்கரையில் சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்ட இடத்தில் இவ்விலையைப் பூசுவது பழைய வழக்கம்; அந்த வழக்கமே அங்கு ஆய்வுக்குத் தூண்டுதலாயிற்று. ஆனால் சொறிமீன் பட்ட தோலில் எதையும் அழுத்தித் தேய்த்தல் ஆகாது. தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டணுக்கள் அந்த அழுத்தத்தில் வெடித்து நஞ்சை மேலும் செலுத்தக்கூடும். மூச்சு முட்டினால் இலையைத் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பேரினம் முழுமைக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது? 'வள்ளி' என்னலாம் என்று தோன்றும், ஏனெனில் சர்க்கரைவள்ளி இப்பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கிழங்குகளுக்கும் வள்ளி என்ற பெயர் வழங்குவதால் அது குழப்பும். அடும்புப் பேரினம் என்பதே தகும் என்பது என் கருத்து. பழமையும் தெளிவும் ஒருங்கே உள்ள சொல் அது. அதன்கீழ் வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளி, மயில்மாணிக்கம், நெய்வேலிக் காட்டாமணக்கு முதலியவை தத்தம் பெயரோடு நிற்கலாம்.

இவற்றுள் வள்ளைக்கீரையும் சர்க்கரைவள்ளியும் உணவு. நெய்வேலிக் காட்டாமணக்கோ சுவைன்சோனைன் என்னும் நஞ்சைக் கொண்டிருப்பதால், அதைத் தொடர்ந்து மேயும் ஆடுகள் நரம்புக் கோளாறால் தள்ளாடும். வேறு சில இனங்களின் விதையில் மனத்தை மயக்கும் எர்காட் வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. அவற்றை உண்டாக்குவது செடியோடு சேர்ந்து வாழும் பூஞ்சையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே மருந்துப் பொட்டலத்தின்மேல் 'ஐப்போமியா இலை' என்று மட்டும் எழுதினால், கீரையா நஞ்சா என்பதே வாங்குபவருக்குத் தெரியாது. அங்கே அடும்பு என்றும், அதனையடுத்து ஐப்போமியா பெஸ்-காப்ரே என்றும் இரண்டு பெயர்களையும் முழுமையாக எழுத வேண்டும்.