ஸ்கேனில் தெரியாத அடி

"மேட்ச் தோற்று ஐந்து நாள் கழித்து மூளையில் அடி என்றார்கள். அப்படி அடிபட்டவர் கீழே விழாமல் இன்னும் நாற்பது நிமிடம் ஆட முடியுமா? இது சாக்குதானே?" லிவர்பூல் கோல்கீப்பராக இருந்த லோரிஸ் கேரியஸைப் பற்றி ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது.

முடியும். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் ஒரு எதிரணி வீரர் மேல் மோதினார். எழுந்து கால் மணி நேரம் போல ஆடவும் செய்தார். நடுவில் நடுவரிடம் போய், "இது இறுதி ஆட்டமா?" என்று கேட்டார். நடுவர் அதைச் சொன்ன பிறகுதான் அவரை வெளியே எடுத்தார்கள். கால் ஓடுகிறது என்பதற்காகத் தலை சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

சரி, கேரியஸ் கதைக்கு வருவோம். 2018 மே 26, கீவ் நகரம், சாம்பியன்ஸ் லீக் இறுதி. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் ரியல் மாட்ரிட்டின் செர்கியோ ராமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டது. 51ஆவது நிமிடத்தில், பக்கத்திலேயே நின்ற எதிரணி வீரர் பென்சிமாவின் காலில் படும்படி பந்தை உருட்டிவிட்டார், கோல். 83ஆவது நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டின் பேல் தொலைவிலிருந்து அடித்த பந்து நேராகக் கைக்கு வந்து, கையில் பட்டு உள்ளே போனது. 3-1 என்று தோல்வி. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் பரிசோதித்த மருத்துவர்கள், மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் கணிக்கும் திறனும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

நியூரான்கள் ஆக்ஸான் என்ற நீண்ட இழைகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த இழைக்குள் நுண்குழாய்கள் சாரம் கட்டியது போல நிற்கும். தலையைச் சும்மா திருப்பும்போதுகூட இழைகள் கொஞ்சம் நீண்டு சுருங்கும், ஒன்றும் ஆகாது. பரோட்டா மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக இழுத்தால் காகிதம் போல விரியும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும். அதே மாவு, அதே தூரம்தான், வேகம் மட்டும் வேறு. ஆக்ஸானும் அப்படித்தான். தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது, நீள இழைகளுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் ஆங்காங்கே முறிகின்றன. இழை அறுந்து போவதில்லை. அதன் சவ்வில் கசிவு மட்டும் ஏற்படுகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடும். வெளியே இருக்க வேண்டிய சோடியமும் கால்சியமும் உள்ளே புகும்.

புகுந்ததை வெளியேற்ற ஒவ்வொரு செல்லிலும் பம்புகள் இருக்கின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்கு ஒரு ஏடிபி மூலக்கூறு, அதாவது செல்லின் எரிபொருள், செலவாகும். அடிபட்ட நொடியிலிருந்து இவை முழு வேகத்தில் ஓடுகின்றன. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருந்துகொண்டு, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை சாதாரண நாளிலேயே எடுத்துக்கொள்கிறது. இப்போது அதற்கு மேலும் வேண்டும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. உள்ளே புகுந்த கால்சியம் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் மந்தமாக்குகிறது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து மோட்டார் போட்டு இறைக்கும் நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கினால் எப்படி இருக்கும், அந்த நிலைமை. பல நாள் நீடிக்கும். அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் பாதிப்பு பெரிதாகும்.

ஸ்கேன் எடுத்தால் எலும்பு முறிவும் ரத்தக் கசிவும் தெரியும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் இடம் மாறியது வழக்கமான ஸ்கேனில் தெரியாது. அதனால்தான் கண் அசைவு, நினைவாற்றல், உடல் சமநிலை என்று மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள்.

கண்ணிலிருந்து வரும் செய்தி பின்மண்டைக்குப் போய், அங்கிருந்து உச்சிப் பக்கம் வந்த பிறகுதான் 'அந்த ஆள் இத்தனை தூரத்தில் நிற்கிறான்' என்று நமக்குப் புரிகிறது. அத்தனையும் நீள இழைகளின் வேலை. அன்றைய கோல்களுக்கு இதுவே காரணம் என்று நிரூபிக்க முடியாது. மருத்துவர்களும் ஆட்டத்தைப் பாதித்திருக்கலாம் என்ற அளவில்தான் சொன்னார்கள். ஆனால் சாக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

அதன் பிறகு லிவர்பூலுக்காகப் போட்டி ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 24. ராசியில்லாத கீப்பர் என்று பலர் பேசினார்கள். கொலை மிரட்டல்கூட வந்தது. ராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அதைச் சொன்ன நிமிடமே காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

ரக்பியில் தலையில் அடிபட்டவரைத் தற்காலிகமாக வெளியே எடுத்துச் சோதிக்கலாம். அதுவரை மாற்று வீரர் ஆடுவார். கால்பந்தில் வெளியே எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வர முடியாது. இறுதி ஆட்டத்தில், ஆயிரக்கணக்கானோர் கூச்சல் போடும்போது, ஒரு டாக்டர் ஓரிரு நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். தற்காலிக மாற்று கால்பந்துக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மைதான ஓரத்திலேயே மூளை அதிர்ச்சியைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை ஆராய்ச்சிகளுக்கு, ஒரு நட்சத்திர வீரரை வாங்கும் தொகையில் சிறு பங்கு கொடுத்தாலே பெரிய உதவி.

2023 பிப்ரவரியில் வெம்ப்ளி மைதானத்தில் லீக் கோப்பை இறுதி நடந்தது. கேரியஸ் அப்போது நியூகாசில் அணியில் இருந்தார். அந்த அணியின் முதல் கீப்பருக்குத் தடை. இரண்டாமவர் அதே கோப்பையில் வேறு அணிக்கு ஏற்கெனவே ஆடியிருந்ததால் இறங்க முடியாது. மூன்றாவதாக அணியில் இருந்த கேரியஸ் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார். நியூகாசிலுக்கு அதுதான் அவருடைய முதல் ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்தது. ஆனால் அன்று பல பந்துகளை அவர் நன்றாகத் தடுத்தார்.